கிறிஸ்துவை அறியாதவர்களுக்கு மீட்பு உண்டா? கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் எங்கே பிரிகிறார்கள்

கத்தோலிக்கர்களைக் கேட்டால் நல்லவனாக இருந்தால் போதும், எந்த மதத்துக்காரனும் மோட்சம் போகலாம் என்பார்கள். புராட்டஸ்டண்டுகளைக் கேட்டால் இயேசுவை ஏற்காதவன் எல்லாம் நரகத்துக்குத்தான் என்பார்கள். பலர் மனதில் இருக்கும் சித்திரம் இதுதான். இதில் முதல் பாதி தப்பு. இரண்டாவது பாதி சில சபைகளுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. உண்மையில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற இடம்தான் பெரிது, பிரிகிற இடம் சின்னது, ஆனால் அந்தச் சின்ன இடத்தில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

முதலில் ஒத்துப்போகிற இடம். கத்தோலிக்கர் மீட்பு என்பதையும் புராட்டஸ்டண்டுகள் இரட்சிப்பு என்பதையும் இங்கே ஒரே பொருளில்தான் எடுத்துக்கொள்கிறேன்: பாவத்திலிருந்தும், கடவுளை விட்டு நிரந்தரமாகப் பிரிந்துபோவதிலிருந்தும் மனிதன் காப்பாற்றப்படுவது. இதை மனிதன் தன் சொந்த முயற்சியால் சம்பாதிக்க முடியாது என்று இருவரும் சொல்கிறார்கள். மனிதன் மனது வைத்தால் தானாகவே நல்லவனாக வாழ்ந்து கரையேறிவிடலாம் என்கிற மாதிரிப் போதித்த பெலாஜியுஸின் கருத்தை 418ஆம் ஆண்டிலேயே கார்த்தேஜ் சங்கம் (ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டத்துக்குச் சங்கம் என்று பெயர்) கண்டித்துவிட்டது. ஆகவே ‘நல்லவனாக இருந்தால் போதும்’ என்பது கத்தோலிக்கப் போதனையே இல்லை. யார் மீட்படைந்தாலும் கிறிஸ்துவால்தான், கடவுளின் அருளால்தான். இதில் கத்தோலிக்கத் தலைமையான ரோமுக்கும் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கும் சண்டை கிடையாது.

அப்புறம் எதில் சண்டை? கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படவே வாய்ப்பில்லாத ஒருவரை அந்த மீட்பு எப்படிப் போய்ச் சேரும் என்பதில்.

பைபிளிலேயே இதற்கான இழுபறி இருக்கிறது. ஒரு பக்கம், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான் என்று இயேசு சொல்வதாக யோவான் 14:6. இன்னொரு பக்கம், எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்று 1 தீமோத்தேயு 2:4. வழி ஒன்றுதான், ஆனால் எல்லாரும் வர வேண்டும் என்று ஆசை. வரலாற்றில் வாழ்ந்து மறைந்த மனிதர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வழியின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. சரி, அவர்கள் கதி? ரோமர் 2ஆம் அதிகாரத்தில் பவுல், நியாயப்பிரமாணம் (யூதரின் வேதச் சட்டம்) இல்லாத புறஜாதியாரின் (யூதர் அல்லாதவரின்) இருதயத்தில் அதன் கட்டளை எழுதியிருக்கிறது என்கிறார். அதே கடிதத்தின் 10ஆம் அதிகாரத்தில், கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள் என்று கேட்கிறார். கொஞ்சம் மொத்தமாகச் சொல்வதானால், இன்றைய கத்தோலிக்கச் சிந்தனை ரோமர் 2இலிருந்து கிளம்புகிறது, பழைய புராட்டஸ்டண்ட் சிந்தனை ரோமர் 10இலிருந்து கிளம்புகிறது.

கத்தோலிக்கர்கள் வந்த பாதை

‘திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை’ என்ற வாசகத்தை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயராக இருந்த சிப்ரியான் சொன்னது. ஆனால் அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது முக்கியம். வேற்று மதத்தாரை அல்ல, திருச்சபையிலிருந்து பிரிந்து தனிக்கூட்டம் சேர்த்துக்கொண்டவர்களை நினைத்துத்தான். வெளியே போகாதே என்ற எச்சரிக்கை அது. நூற்றாண்டுகள் போகப் போக அது உலகத்தையே இரண்டாக வெட்டுகிற விதியாக இறுகிவிட்டது. 1442இல் புளோரன்ஸ் சங்கம் அதன் உச்சிக்கே போனது: வேற்று மதத்தார், யூதர், தப்பறைக்காரர் (தவறான கொள்கை பிடித்தவர்), பிரிவினையாளர் யாராக இருந்தாலும் சாவதற்கு முன் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய நெருப்புதான் என்று சொல்லிவிட்டது.

இன்று படிக்கும்போது தூக்கிவாரிப் போடும். அதை எழுதியவர்கள் உலகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நற்செய்தி எல்லாத் திசைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னும் நம்பாதவன் வேண்டுமென்றே மறுக்கிறவன் என்றுதான் இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலும் நினைத்தார்கள். கேள்விப்படாதவன் என்பவன் அவர்களுக்கு ஒரு கற்பனைப் பாத்திரம். காட்டில் மிருகங்களோடு வளர்ந்த ஒருவன் என்ன ஆவான் என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் கேட்டுப் பார்க்கிறார். அவன் தன் அறிவுக்கு எட்டிய நன்மையைத் தேடி நடந்தால், கடவுள் உள்ளுக்குள்ளேயே அவனுக்கு வெளிப்படுத்துவார், இல்லையென்றால் ஒரு போதகரை அனுப்பிவைப்பார் என்று பதிலும் சொல்கிறார். ஒரே ஒரு காட்டு மனிதனுக்கு இந்தப் பதில் போதும்.

புளோரன்ஸ் அப்படிச் சொல்லி 50 வருடத்தில், 1492இல், கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேருகிறார். அங்கே ஒரு காட்டு மனிதன் இல்லை, இரண்டு கண்டங்கள் நிறைய மனிதர்கள். 1,500 வருடமாக யாரும் அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. அக்குவினாஸின் கற்பனைக் கேள்வி இப்போது நிஜக் கேள்வி.

இதில் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா 1539இல் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். கேள்விப்படுவதற்கு முன்னால் அந்த மக்கள் நம்பாமல் இருந்தது பாவமே இல்லை என்றார். அதைவிட ஒரு படி மேலே போய், யாரோ வந்து அறிவித்த உடனே, நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லாமல், நம்பியே தீர வேண்டும் என்ற கடமையும் அவர்களுக்குக் கிடையாது என்றார். அங்கே போனவர்களின் அற்புதங்களையோ புனித வாழ்க்கையையோ பற்றித் தனக்குச் சேதி வரவில்லை, கொடுமைகளையும் அவலங்களையும் பற்றித்தான் சேதி வருகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். ‘கேள்விப்பட்டான், மறுத்தான்’ என்று ஒருவனைக் குற்றம் சொல்வதற்கு முன், அவன் காதில் விழுந்தது என்ன, சொன்னவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கச் சொல்கிற வாதம் இது. இன்றுவரை இதற்கு மழுப்பலில்லாத பதில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு கதவு மெல்ல மெல்லத் திறக்கிறது. 1547இல் திரெந்து சங்கம், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வேண்டும், இல்லையேல் அதற்கான ஆசையாவது வேண்டும் என்று எழுதியது. அந்த ‘ஆசை’ என்ற ஒரு வார்த்தைக்குள் பின்னால் வந்தவர்கள் நிறைய இடம் கண்டுபிடித்தார்கள்: திருமுழுக்கு என்றால் என்னவென்றே தெரியாதவன்கூட, தெரிந்திருந்தால் விரும்பியிருப்பான் என்னும்படி கடவுளுக்கு மனம் திறந்திருந்தால் அதுவும் மறைமுகமான ஆசைதானே என்றார்கள். 1713இல் ‘திருச்சபைக்கு வெளியே அருளே கிடையாது’ என்ற கருத்தை, ஜான்சனியர் என்ற கறாரான கத்தோலிக்க அணியின் கருத்தை, ரோம் கண்டித்தது. 1863இல் போப் 9ஆம் பயஸ், தன் குற்றமில்லாத, தன்னால் வெல்ல முடியாத அறியாமையில் இருப்பவர்களைக் கடவுள் தண்டிப்பதில்லை என்றார். அவர் ஒன்றும் தாராளவாதி இல்லை, நவீன உலகத்தின் பாதிக் கருத்துகளைக் கண்டித்துப் பட்டியல் போட்ட ஆள்.

வேடிக்கை என்னவென்றால் 1940களில் பாஸ்டனில் லெனர்ட் ஃபீனி என்ற இயேசு சபைக் குரு பழைய வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டு, கத்தோலிக்கர் அல்லாத யாருக்கும் மீட்பில்லை என்று போதித்தார். 1949இல் ரோம் கடிதம் எழுதி அந்தப் பொருள்கோள் தவறு என்றது. 1953இல், ரோமுக்கு வரச் சொல்லியும் வர மறுத்ததற்காக, அவரைச் சபை நீக்கம் செய்தது. ‘திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை’ என்று கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தவர் திருச்சபைக்கு வெளியே நின்றார். (1972இல் சமரசமாகிவிட்டது.)

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 16ஆம் பகுதிதான் இன்றைய அதிகாரபூர்வ நிலை. தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல் இருந்து, உண்மையான மனதோடு கடவுளைத் தேடி, அருளால் தூண்டப்பட்டு, மனச்சாட்சி காட்டும் வழியில் நடக்க முயல்கிறவர்கள் மீட்படைய முடியும். யூதர்களையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கடவுளைப் பற்றித் தெளிவான அறிவுக்கு வராதவர்களையும்கூட விட்டுவிடவில்லை.

ஆனால் எல்லாரும் இங்கேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ‘முடியும்’ என்றுதான் இருக்கிறது, ‘அடைந்துவிடுவார்கள்’ என்று இல்லை. அடுத்த வரிகளே, மனிதர்கள் பல சமயம் தீயவனால் ஏமாந்து பொய்யைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்கின்றன. இதற்கு முன்னால் 14ஆம் பகுதியில், திருச்சபை அவசியம் என்று தெரிந்தே அதில் சேர மறுப்பவர் மீட்படைய முடியாது என்றும், அன்பில் நிலைக்காத கத்தோலிக்கரும் மீட்படைவதில்லை என்றும் இருக்கிறது. உள்ளே இருப்பவனுக்கும் உத்தரவாதச் சீட்டு கிடையாது.

இந்த நிலைக்குத் தத்துவ வடிவம் கொடுத்தவர்களில் ஜெர்மன் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் பிரபலம். அருளை ஏற்று வாழ்கிற, ஆனால் கிறிஸ்துவை அறியாதவரை ‘பெயரில்லாக் கிறிஸ்தவர்’ என்றார். மருந்தின் பெயர் தெரியாமலே ஒருவன் அதைச் சாப்பிட்டுக் குணமாவது போல. நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் உன்னை எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும் என்கிற தொனி இதில் இருக்கிறது என்ற விமர்சனம் நியாயமானது. கத்தோலிக்க இறையியலாளரான ஹான்ஸ் கூங்கே இந்தச் சொல்லை ஏற்கவில்லை. 2000இல் ரோம் இன்னொரு ஏட்டை வெளியிட்டது. பிற சமயத்தார் அருளைப் பெற முடியும் என்பதை மறுக்காமல், எல்லாச் சமயங்களும் சம மதிப்புள்ள இணை வழிகள் என்ற கருத்தை மட்டும் உறுதியாக மறுத்தது. தனி மனிதருக்கு வாய்ப்பு உண்டு, அவர் சமயமே கிறிஸ்துவுக்கு இணையான இன்னொரு வழி ஆகிவிடாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கத்தோலிக்க நிலையில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

புராட்டஸ்டண்ட் பக்கம்

இங்கே முதலிலேயே ஒன்று: புராட்டஸ்டண்டுகளுக்கு ரோம் மாதிரி ஒரே தலைமை இல்லை, எனவே ‘புராட்டஸ்டண்ட் நிலை’ என்று ஒருமையில் எழுதுவதே சரியில்லை. ஆனாலும் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் எல்லாரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான், அதாவது கடவுள் முன் குற்றமற்றவனாக ஏற்கப்படுகிறான். விசுவாசம் என்றால் கிறிஸ்துவைப் பற்றிய வாக்குத்தத்தத்தைக் கேட்டு அதை நம்பிச் சார்ந்திருப்பது. அப்படியென்றால் கேட்காமல் அது எப்படி வரும்? கத்தோலிக்கர்கள் பயன்படுத்திய ‘மறைமுக விசுவாசம்’ என்ற யோசனையை, அதாவது விவரம் தெரியாமலே திருச்சபை நம்புவதை நம்புவது போதும் என்பதை, சீர்திருத்தவாதிகளில் ஒருவரான கால்வின் கிண்டலே செய்கிறார்; அறியாமைக்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறார். கத்தோலிக்கர்களுக்குத் திறந்த அந்தக் கதவை இவர்கள் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே பூட்டியிருந்தார்கள். இவர்கள் கறாராக இருப்பதற்கு மனக் கடினம் காரணம் இல்லை, அந்த இறையியலின் அச்சாணியே அதுதான்.

லூத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், சபைக்கு வெளியே இருப்பவர்கள் மெய்யான ஒரே கடவுளை நம்பினாலும் அவர் தங்களை எந்த மனதோடு பார்க்கிறார் என்பதை அறியாததால் கடவுளின் கோபத்தின் கீழேயே இருக்கிறார்கள் என்றார். கடவுள் இருக்கிறார் என்று தெரிவது வேறு, அவர் எனக்கு இரக்கமுள்ளவர் என்று தெரிவது வேறு, இரண்டாவது கிறிஸ்துவில் மட்டுமே தெரியும் என்பது அவர் வாதம். 1640களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிடாதவர்கள் இயற்கையின் ஒளிப்படி எவ்வளவு கவனமாக வாழ்ந்தாலும் இரட்சிக்கப்பட முடியாது என்கிறது.

லூத்தரின் தலைமுறையில்தான் ஸூரிக்கின் சீர்திருத்தவாதி சுவிங்லியும் இருக்கிறார். 1531இல், சாவதற்குக் கொஞ்சம் முன்னால், பிரெஞ்சு அரசனுக்கு எழுதிய விசுவாச விளக்கத்தில் பரலோகத்தில் நீங்கள் யாரையெல்லாம் பார்ப்பீர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்: ஆபேல், நோவா, ஆபிரகாம், பேதுரு, பவுல், அவர்களோடு சாக்ரடீஸ், கேட்டோ, ஏன், ஹெர்குலிஸ்கூட! லூத்தருக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? ஆனால் சுவிங்லியின் தர்க்கம் சறுக்கல் இல்லை. இரட்சிப்பு முழுக்க முழுக்கக் கடவுளின் தெரிந்துகொள்ளுதல், அதாவது அவரே தேர்ந்தெடுப்பது, என்றால், கடவுள் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் வேலி போட முடியாது. தெரிந்துகொள்ளுதல் கோட்பாட்டிலிருந்தே கறாரான முடிவும் வரும், தாராளமான முடிவும் வரும் என்பதற்கு இது உதாரணம்.

18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வேறு திசையில் போனார். எந்த மனிதனையும் கடவுளின் கிருபை முந்திப் போய்த் தொடுகிறது, மனச்சாட்சி என்று நாம் சொல்வதே அந்தக் கிருபையின் வேலை என்றார். வெளியே இருப்பவர்களை நியாயந்தீர்க்கத் தனக்கு வேதத்தில் அதிகாரம் இல்லை, உலகத்தின் பிற மதத்தார் அனைவரையும் நரகத்துக்கு அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை என்று பிரசங்கமே செய்திருக்கிறார். மெதடிஸ்டுகளில் பலரிடம் இன்றும் இந்த மென்மை தெரியும்.

20ஆம் நூற்றாண்டில் இவாஞ்சலிக்கல் சபைகள் (பைபிளையும் தனிமனித மனமாற்றத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டண்டுகள்) 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடி ஓர் உடன்படிக்கை எழுதின. இயற்கையின் வழியாக எல்லாருக்கும் கடவுளைப் பற்றிக் கொஞ்சம் அறிவு உண்டு, ஆனால் அது இரட்சிக்காது என்றது. அந்த உடன்படிக்கையை வரைந்ததில் முக்கியப் பங்கு ஆங்கிலேய போதகர் ஜான் ஸ்டாட்டுக்கு. அவரே, கேள்விப்படாதவர்களின் முடிவு என்ன என்பதில் ‘நமக்குத் தெரியாது’ என்று நிற்பதே கிறிஸ்தவனுக்கு அழகு என்று பின்னால் எழுதினார். கிளார்க் பின்னாக் போன்ற இவாஞ்சலிக்கல் அறிஞர்கள் இன்னும் தள்ளிப்போய், கிட்டத்தட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். ஜான் ஹிக் என்ற இறையியலாளர் அந்த எல்லையையும் தாண்டி, மையத்தில் இருப்பது கிறிஸ்தவம் அல்ல, கடவுள்தான், எல்லா மதங்களும் அவரைச் சுற்றுகின்றன என்றார். அங்கே போனால் கிறிஸ்து ஒருவராலேயே மீட்பு என்ற பொது நிலமே போய்விடுகிறது. ரோமும் ஏற்காது, லோசானும் ஏற்காது.

இந்த நிலைகளுக்கு 1983இல் ஆலன் ரேஸ் என்ற இறையியலாளர் மூன்று பெயர் வைத்தார், அவைதான் இன்று பாடப்புத்தகங்களில் உள்ளன. கிறிஸ்துவை அறிந்து நம்பினால்தான் இரட்சிப்பு என்பது விலக்குவாதம். கிறிஸ்துவால்தான், ஆனால் அறியாதவரையும் அது எட்டலாம் என்பது உள்ளடக்குவாதம். பல வழிகள் உண்டு என்பது பன்மைவாதம். இன்றைய கத்தோலிக்கம் நடுவில். புராட்டஸ்டண்டுகள் மூன்றிலும் சிதறிக் கிடக்கிறார்கள், முதலாவதில் பெரிய கூட்டம்.

விவாதம் சூடாவது எங்கே என்றால், ஒரே கதையை இரு தரப்பும் படிக்கும்போதுதான். அப்போஸ்தலர் 10இல் கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவர் வருகிறார். கிறிஸ்தவர் அல்ல, ஆனால் ஜெபிக்கிறவர், தர்மம் செய்கிறவர். அவருடைய ஜெபம் கடவுள் சந்நிதியில் எட்டியது என்று தூதன் சொல்கிறான். பாருங்கள், பேதுரு வருவதற்கு முன்பே கடவுள் அவரை ஏற்றுக்கொண்டாரே என்கிறது உள்ளடக்குவாதம். அடுத்த அதிகாரத்தைப் படியுங்கள், நீ இரட்சிக்கப்படுவதற்கேதுவான வார்த்தைகளைப் பேதுரு சொல்லுவான் என்றுதானே இருக்கிறது, ‘படுவதற்கு’ என்றால் இன்னும் படவில்லை என்றுதானே அர்த்தம் என்கிறது விலக்குவாதம். இந்தச் சுற்றில் விலக்குவாதத்துக்கே ஒரு மதிப்பெண் கூட என்பேன்.

குழந்தைகள் விஷயத்தில் அப்படி இல்லை. பிறந்த உடனே இறந்துபோகும் குழந்தை எதையும் கேட்டிருக்காது, நம்பியிருக்காது. மேலே சொன்ன அதே வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகளும், வசனத்தைக் கேட்டு உணரும் திறனற்ற தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் ஆவியானவரின் வழியாகக் கிறிஸ்துவால் இரட்சிக்கப்படுகிறார்கள் என்கிறது. அப்படியானால் கேட்காமலும் கிறிஸ்து ஒருவரை இரட்சிக்க முடியும் என்று ஒப்புக்கொண்டாயிற்றே, குழந்தைக்கு முடிந்தது தொலைதூரத் தீவில் வாழ்பவருக்கு ஏன் முடியாது என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. வளர்ந்தவன் தனக்குத் தெரிந்த வெளிச்சத்தையே அமுக்கிவிட்டான், ரோமர் 1 அதைத்தான் சொல்கிறது, குழந்தை அப்படிச் செய்யவில்லை என்பது வழக்கமான பதில். கத்தோலிக்கரும் இதில் தடுமாறியவர்கள்தான். திருமுழுக்கு பெறாத குழந்தைகளுக்கு ‘லிம்போ’ என்று துன்பமும் இல்லாத, கடவுளைக் காணும் பேரின்பமும் இல்லாத ஓர் இடத்தை நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தார்கள். 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் அதை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ளக் காரணம் உண்டு என்றது. நம்பிக்கைதான், உறுதி என்று அதுவும் சொல்லவில்லை.

கடைசியாக, எல்லாரும் கேட்கிற கேள்வி: கேள்விப்படாதவரும் மீட்படையலாம் என்றால் எதற்கு நற்செய்தி அறிவிக்க வேண்டும்? சொல்லாமல் இருந்தால் அறியாமையில் பிழைத்துப்போவார்களே, சொல்லித்தானே ஆபத்து? தனக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் அவர்களை நடத்த முடியும், ஆனாலும் அறிவிக்கும் கடமை திருச்சபைக்கு அப்படியே இருக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும், அதற்குப் பிறகு 1990இல் போப் 2ஆம் யோவான் பவுலும் பதில் சொன்னார்கள். அறியாமை ஒரு பாதுகாப்பு அல்ல, தன்னிடம் இல்லாத ஒன்றைத் தேடித் தடுமாறுவது என்பது அந்தப் பதிலின் உட்பொருள். விலக்குவாதிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது, அவர்களுக்கு அவசரம் வெளிப்படை. ஆனால் அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம்: போதகர் போய்ச் சேரத் தாமதமானதற்கான விலையைக் கேள்விப்படாதவர் கொடுப்பது எப்படி நியாயம்? யாருக்கும் கடவுள் இரக்கம் காட்டக் கடமைப்பட்டவர் இல்லை, எல்லாரும் தங்கள் பாவத்துக்காகவே நியாயந்தீர்க்கப்படுகிறார்கள் என்று பதில் வரும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதைக் கேட்டு அமைதி அடைந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.